இருட்டில் பார்க்கும் படலமும் சிவானந்தனும்

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-இல் அதன் அமெரிக்கக் காப்புரிமையை ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடமே கொடுத்தார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. அந்த மருந்தைப் பெருமளவில் தயாரிக்கக் கொனோட் ஆய்வுகூடமும் அமெரிக்காவின் இலை லில்லி நிறுவனமும் பட்ட பாட்டை நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒன்றைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை என்றால், அதை மக்களின் கையில் சேர்ப்பது இன்னொரு பெரிய வேலை.

இந்த இரண்டு வேலைகளையும் செய்த ஈழத்தமிழர் ஒருவர் சிக்காகோவில் இருக்கிறார். அவர் பெயர் பேராசிரியர் சிவலிங்கம் சிவானந்தன். வடஇலங்கையில் பிறந்தவர். 1980களில் பௌதிகவியலில் மேற்படிப்புக்காக இலினோய் பல்கலைக்கழகத்தின் சிக்காகோ வளாகத்துக்கு வந்தார். பிறகு அங்கேயே பேராசிரியராகி, நுண்பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் இயக்குநரும் ஆனார்.

அவர் கையில் எடுத்த பொருள் பாதரசக் காட்மியம் தெல்லூரைட். இங்கிலாந்தின் மால்வேர்ன் நகரில் 1959-இல் அறிமுகமான கலவை இது. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். அந்தக் கதிரை இந்தக் கலவை உணரும். பாதரசத்தின் அளவைக் கூட்டினால் இன்னும் நீண்ட அலைநீளங்களையும் உணரும். ஆனால் பாதரசம் எளிதில் ஆவியாகிவிடும். அதனால் வெற்றிடத்தில், ஏறக்குறைய 200 பாகை செல்சியஸில், அணு அடுக்கு அடுக்காக இதை வளர்க்க வேண்டும். அடியில் வைக்கும் தட்டு இன்னொரு சிக்கல். பொருத்தமான தட்டு விலை கூடியது, அளவிலும் சிறியது. சிலிக்கன் மலிவானது, பெரிதாகவும் கிடைக்கும். ஆனால் அதன் அணு இடைவெளிக்கும் காட்மியம் தெல்லூரைட்டின் இடைவெளிக்கும் 19 சதவீத வித்தியாசம் உண்டு. நல்ல படலத்தைச் சிலிக்கன் மேல் வளர்ப்பது சிவானந்தன் குழுவின் முக்கியமான ஆய்வுகளில் ஒன்று.

கட்டுரை எழுதியதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட கைப்பக்குவம் காகிதத்தில் முழுதாக ஏறாது. அதை ஆட்கள்தான் சுமந்துபோக வேண்டும். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்திருக்க 1980-இல் வந்த பே–டோல் சட்டம் இடம் கொடுத்தது. 1998-இல் சிவானந்தன் ஈபிர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2013-இல், குடியேறி வந்த கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராக அவரை வெள்ளை மாளிகை கௌரவித்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பொருளை வளர்த்ததில் இராணுவங்களின் பங்கு பெரியது. இரவில் மனிதரின் உடல் வெப்பத்தைக் காணும் கருவி யார் கையில் இருக்கிறது என்பது, போரிலிருந்து தப்பிவந்த குடும்பங்களின் பிள்ளைகளான எங்களுக்குச் சின்னக் கேள்வி இல்லை. அதே வகைப் பொருள்தான் 2021-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் பழைய விண்மீன்கூட்டங்களின் ஒளியைப் பிடிக்கிறது. பொருள் ஒன்றுதான். எங்கே போக வேண்டும் என்பதை உரிமை வைத்திருப்பவரும் பணம் கொடுப்பவரும் முடிவுசெய்கிறார்கள்.

அதனால் பல்கலைக்கழகம் தேடும்போது இதையும் கேளுங்கள்: அங்கே நீங்கள் கண்டுபிடிப்பது யாருக்குச் சொந்தம்? வாட்டர்லூவில் பொதுவாக அது கண்டுபிடித்தவருக்கே சொந்தம். ரொறன்ரோவில் கண்டுபிடித்தவரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வைத்திருப்பார்கள். உரிமையில் பங்கு இருந்தால்தான், அது எங்கே போகிறது என்பதில் உங்கள் சொல்லுக்கும் இடம் இருக்கும்.