மல்லாட்டையிலிருந்து டால்டாவுக்கு

எங்க பக்கம், அதாவது திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துல, நிலக்கடலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மல்லாட்டை. மணிலாக்கொட்டைங்கிறது வாயில தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆயிடுச்சு. தென் அமெரிக்காவுல பிறந்த பயிர் எங்க செம்மண்ணுக்கு நல்லாவே ஒத்துக்கிச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இந்தக் கொட்டை புதுச்சேரி துறைமுகம் வழியா பிரான்சு நாட்டு மார்செய் நகரத்துக்குக் கப்பல் கப்பலா போயிருக்கு. அங்க எண்ணெயும் சோப்பும் ஆச்சு. இருபதாம் நூற்றாண்டுல இதே எண்ணெய்க்கு இன்னொரு வேலை வந்தது. டால்டா ஆகிற வேலை.

சென்னையிலிருந்து வர்ற நண்பர்கள் செக்கு எண்ணெய் வாங்கும்போது எண்ணெய், கொழுப்பு, மாரடைப்புன்னு நிறைய கேக்கறாங்க. டால்டா கதையைச் சொன்னா பாதி கேள்விக்கு அதுலயே பதில் இருக்கு.

எண்ணெயைக் கெட்டியாக்கும் வித்தையைக் கண்டுபிடிச்சவர் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர். 1902இல் காப்புரிமை வாங்கினார். சூடான எண்ணெய்க்குள்ள நிக்கல் தூளைப் போட்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினா, தண்ணி மாதிரி ஓடுற எண்ணெய் நெய் மாதிரி உறைஞ்சிடும். 1911இல் அமெரிக்காவுல பருத்திவிதை எண்ணெயைக் கெட்டியாக்கி கிரிஸ்கோ என்ற பேர்ல விற்க ஆரம்பிச்சாங்க. பன்றிக்கொழுப்புக்கு மாற்று அது. இந்தியாவுக்கு முதல்ல ஹாலந்திலிருந்து வனஸ்பதி இறக்குமதி ஆச்சு. கொண்டுவந்த கம்பெனி பேரு டாடா. நம்ம டாட்டா இல்லை, அது வேற. லீவர் கம்பெனி இங்கேயே தயாரிக்க ஆரம்பிச்சப்போ அந்தப் பேருக்கு நடுவுல தங்களோட 'எல்' எழுத்தைச் செருகினாங்க. 1937இல் டால்டா கடைக்கு வந்தது.

மஞ்சள் டின், அதுல பச்சைப் பனைமரம். உள்ளே இருந்தது பெரும்பாலும் கடலை எண்ணெய்தான். டின் வடிவத்துலயே வண்டி செஞ்சு தெருத்தெருவா ஓட்டி விளம்பரம் பண்ணாங்க. நெய் வாங்க முடியாத வீட்டுலயும் கல்யாணத்துக்கு லட்டு பிடிக்கலாம்னு ஆச்சு. எவ்வளவு நாள் வெச்சிருந்தாலும் சிக்கு வாடை வராது. பரோட்டாக் கடைக்கும் பேக்கரிக்கும் அது வரம். டின் காலியானா அதுக்கும் மதிப்பு: பருப்பு கொட்டி வைக்க, துளசி நட, கொல்லைக்குத் தண்ணி மொண்டு போக. பிறகு எந்தக் கம்பெனி வனஸ்பதி வந்தாலும் டால்டான்னுதான் பேரு.

எதிர்ப்பும் கூடவே வந்தது. காந்தி 1940களில் வனஸ்பதியை வெளிப்படையாக எதிர்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு பாராளுமன்றம் வரைக்கும் பேச்சு போச்சு. ஆனா சண்டை எதைப் பத்தின்னு பாருங்க: நெய்யில கலப்படம் பண்றாங்க என்பதுதான் முக்கியமான புகார். கலந்தா தெரியற மாதிரி வனஸ்பதிக்கு ஒரு நிறம் சேர்க்கணும்னு கேட்டாங்க. ஒத்துவர்ற நிறம் அமையல. பதிலுக்கு ஒரு சாமர்த்தியமான சட்டம் வந்தது. வனஸ்பதியில 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்கணும். நல்லெண்ணெய் இருந்தா, அமிலம் கலந்து சோதனை பண்ணும்போது இளஞ்சிவப்பா மாறும். நெய்யைச் சோதிச்சு சிவந்தா, அதுல டால்டா கலந்திருக்குன்னு அர்த்தம். எள்ளு போலீஸ் வேலை பார்த்த கதை இது. வைட்டமின் ஏ-யும் கலக்கச் சொன்னாங்க. ஆக, நெய்க்குப் பக்கத்துல உட்காரத் தகுதி இருக்கா என்ற கேள்விக்கு எல்லா ஏற்பாடும் ஆச்சு. அந்த டின்னுக்குள்ள இருந்த உண்மையான சிக்கலை யாரும் தேடல.

அது என்னன்னு விறகு வெச்சு சொல்றேன். கடலை எண்ணெயில இருக்கிற கொழுப்பு அமிலங்கள்ல பெரும்பாலானவை கோணல் விறகு மாதிரி. நடுவுல ஒரு வளைவு இருக்கும். கோணல் விறகை அடுக்கினா இடைவெளி விழும், நெருக்கமா உட்காராது. அதனாலதான் எண்ணெய் ஓடுது. ஹைட்ரஜன் ஏத்தினா வளைவு நிமிர்ந்து நேர் விறகு ஆகிடும். நெருக்கமா அடுக்கலாம், கெட்டியாகும். ஆனா ஆலையில வேலையைப் பாதியில நிறுத்துவாங்க. முழுக்க ஏத்தினா மெழுகு மாதிரி ஆயிடும், சமைக்க உதவாது. பாதியில நிறுத்தும்போது கொஞ்சம் கோணல் விறகு ஹைட்ரஜன் ஏறாமலே முறுக்கிக்கிட்டு நேரா நின்னுடும். அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. ஆடு மாடு கொழுப்புலயும் பால்லயும் கொஞ்சூண்டு இருக்கு. வனஸ்பதியில அது அள்ளி அள்ளி இருந்தது.

அமெரிக்காவுல இலினாய் பல்கலைக்கழகத்துல ஃபிரெட் கும்மரோ என்று ஒருத்தர். இறந்தவர்களின் உடல் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு தங்கியிருப்பதை 1957இலேயே அவரும் கூட்டாளிகளும் எழுதினாங்க. யாரும் பெரிசா கண்டுக்கல. அந்தக் காலத்துல குற்றவாளிக் கூண்டுல நின்னது வெண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும். நிறைகொழுப்பு ரத்தக் கொலஸ்டிராலைக் கூட்டும் என்பது உண்மைதான், இன்னிக்கும் அதை யாரும் மாத்திச் சொல்லல. ஆனா வெண்ணெயை விட்டுட்டு எதைச் சாப்பிடறதுன்னு கேட்டப்போ, எண்ணெயைக் கெட்டியாக்கிச் செஞ்ச மார்ஜரினைக் கையில கொடுத்தாங்க. செடியிலிருந்து வந்தது, அதனால நல்லது என்ற கணக்கு. நம்ம ஊர்லயும் அதே கணக்கு நிறைய ஓடுது.

1990இல் நெதர்லாந்துல மென்சிங்க், கட்டான் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 59 பேருக்கு வெவ்வேறு கொழுப்பு உள்ள சாப்பாட்டை மூணு மூணு வாரம் மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. நிறைகொழுப்பு கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டியது. டிரான்ஸ் கொழுப்பு கெட்டதைக் கூட்டினதோட நல்லதையும் குறைச்சது. ரெண்டு பக்கமும் வெட்டு. அதுக்கப்புறம் பெரிய ஆய்வுகள் மாரடைப்போட இருக்கிற தொடர்பையும் காட்டின. 2003இல் டென்மார்க் முதல்ல எழுந்து, ஆலையில உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு மொத்தக் கொழுப்புல 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது. கும்மரோ சும்மா இருக்கல. தொண்ணூத்தெட்டு வயசு தாண்டின பிறகு, 2013இல் அமெரிக்க அரசு மேலேயே வழக்குப் போட்டார். 2015இல் அந்த நாடு பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களை விலக்க முடிவெடுத்தது. 2017இல் அவர் இறந்தப்போ வயசு 102. முட்டையும் வெண்ணெயும் விடாமச் சாப்பிட்ட மனுஷன். அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு நாமும் இறங்கிடக் கூடாது, ஒருத்தர் ஆயுசு ஆராய்ச்சி ஆகாது.

நம்ம நாட்டுல 2009இல் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் வனஸ்பதிகளைச் சோதிச்சு, டென்மார்க் அளவைப் போல 5 முதல் 12 மடங்கு வரை டிரான்ஸ் கொழுப்பு இருக்குன்னு சொன்னது. சட்டம் மெதுவா இறங்கி வந்தது. 2021இல் 3 சதவீதம், 2022 ஜனவரியில் 2 சதவீதம். டால்டா வந்து 85 வருஷம் ஆகியிருந்தது. இத்தனை தலைமுறை கல்யாணப் பந்தியில அதைச் சாப்பிட்டிருக்கு. எத்தனை நெஞ்சுவலி அதுல சேர்ந்ததுன்னு தனியாப் பிரிச்சு எண்ண வழியில்லை.

டால்டா விட்ட இடத்தைப் பிடிச்சது பாமாயில். அது தானாவே பாதி கெட்டி, ஹைட்ரஜன் ஏத்தற வேலை குறைவு. 1994இல் இறக்குமதி திறந்துவிட்ட பிறகு கப்பல்ல வந்து குவிஞ்சுது. நாடு சாப்பிடற எண்ணெயில இப்போ பாதிக்கு மேல வெளிநாட்டுது. அந்த விலையோட மல்லாட்டை போட்டி போட முடியல. எங்க பக்கம் எத்தனையோ காடு சவுக்கும் கரும்புமா மாறிச்சு, கொஞ்சம் பிளாட்டாகவும் ஆச்சு. பாமாயில்ல டிரான்ஸ் இல்லை, ஆனா கிட்டத்தட்ட பாதி நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அதனால கடலை எண்ணெய் மேல்னு நான் சொன்னா, விக்கிறவன் சொல்றான்னு நினைக்காதீங்க, கணக்கு அப்படி.

ஆனா செக்குல ஆட்டினதாலேயே அது மருந்து ஆயிடாது. எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. ஒருத்தருக்கு நாளைக்கு 20, 30 கிராம்னா நாலு பேர் வீட்டுக்கு மாசம் மூணு, மூணரை லிட்டர் போதும். போன மாசம் ஒரு வீட்டுக்காரர் செக்கு எண்ணெய்தானே, உடம்புக்கு நல்லதுன்னு எட்டு லிட்டர் கேட்டார். வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டேன். மூணு பேராம். மூணு லிட்டர் ஊத்திக் கொடுத்து, தீர்ந்ததும் வாங்கன்னு அனுப்பினேன்.