பூட்டுக்குக் காத்திருந்த பாத்ஃபைண்டர்

எம்பெடட் வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் மாமாக் கடையில் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் 1997க்குப் போய்விடும். அந்த ஜூலை 4 அன்று மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாளிலேயே அதன் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குப் போனது.

நடந்தது இதுதான். வானிலைத் தரவு சேகரிக்கும் பணிக்கு முன்னுரிமை குறைவு. அது ஒரு பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது நடுத்தரப் பணிகள் குறுக்கே புகுந்துவிடும். அதே பூட்டுக்காக, உயர் முன்னுரிமையுள்ள பஸ் பணி வெளியே நிற்கும். (முதலாளி கழிப்பறை வாசலில் நிற்கிற கதைதான்.) வேலை நேரத்துக்கு முடியவில்லை என்றதும் மென்பொருள் ரீசெட் போட்டுவிடும்.

ஜேபிஎல் பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கணினியில் அதே ரீசெட்டை வரவழைத்துப் பிடித்தார்கள். மருந்து விஎக்ஸ்வொர்க்ஸுக்குள்ளேயே இருந்தது: காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருப்பவருக்குக் கொஞ்ச நேரம் கடன் கொடுப்பது. அந்தத் தெரிவு அணைந்து கிடந்தது, இங்கிருந்தே போட்டார்கள். அந்த உத்தியை அலசி 1990இல் கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர், கோவை பிஎஸ்ஜியில் படித்த ராஜ்குமார்.

எனக்கு உறைத்தது வேறு. தரையிறங்கும் முன்பே இந்த ரீசெட் எட்டிப் பார்த்ததாம். மென்பொருள் குழுத் தலைவர் கிளென் ரீவ்ஸே பின்னால் எழுதினார்: மறுபடி வரவழைக்க முடியவில்லை, மறக்கவுமில்லை, ஆனால் தரையிறக்க மென்பொருள்தான் முதலில் என்று இதைப் பின்னால் வைத்தோம். 'ஒரு தடவைதானே வந்துச்சு' என்று மீட்டிங்கில் சொல்லாத ஆள் எங்கள் தொழிலில் கிடையாது. அதை எழுதிவைத்தவர்கள் குறைவு.