சிலந்தியும் சிலந்திப் புண்ணும்: ஒரு மருந்தின் வரலாறு

பெருநாளுக்கு முன் வீட்டில் ஒட்டடை அடிக்கும்போது, "சிலந்தியை அடிக்காதே, தட்டி விடு" என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஹிஜ்ரத்தின்போது தௌர் குகையின் வாயிலில் சிலந்தி வலை பின்னியதாக வரும் செய்தியே அதற்குக் காரணம். அச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அது நம் இல்லங்களில் சிலந்திக்கு ஒரு மரியாதையைத் தேடித் தந்துவிட்டது. திருக்குர்ஆனின் 29ஆம் அத்தியாயம் 'அல்-அன்கபூத்' என அதன் பெயராலேயே அமைந்துள்ளது. பலமற்ற பற்றுக்கோட்டுக்கு அதன் வீடே அங்கு உவமையாகிறது.

இவ்வளவு மரியாதை பெற்ற இச்சிற்றுயிர்மேல் நம் ஊர்களில் ஒரு பழியும் உண்டு. உடலில் காரணம் தெரியாமல் ஒரு தடிப்போ கொப்புளமோ கண்டால், கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் முதலில் எழும் சொல், "சிலந்தி கடித்திருக்கும்" என்பதே. இந்தப் பழியிலிருந்து பிறந்த ஒரு மருந்தின் வரலாற்றையும், அது எம் குடும்பத்துக்குக் கற்பித்த பாடத்தையும் இங்கு எழுத விழைகிறோம்.

தமிழில் 'சிலந்தி' என்னும் சொல் பூச்சியை மட்டும் குறிப்பதன்று. உடலில் எழும் கட்டிக்கும் புண்ணுக்கும் அதுவே பெயர். காலில் கொப்புளமாகி நூல்போல் வெளிவரும் புழுநோயை முன்னோர் 'நரம்புச் சிலந்தி' என்றனர். நீர் பட்டால் காய் வெடிக்கும் கிரந்திநாயகம் செடியைச் சிலந்திநாயகம் என்றும் அழைப்பர். அதன் விதையை நனைத்து, கொழகொழப்பானதும் கட்டியின்மேல் வைத்துக் கட்டுவது பழைய கைமருந்து. அரிவாள்மனை பட்ட விரலில் சிலந்தி வலையை அப்பிக் குருதியை நிறுத்துவதும் அடுக்களை வழக்கமாக இருந்தது. இவ்வாறு நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வாய்த்தது.

அரபு மருத்துவ நூல்களிலும் சிலந்திக்கு இடமுண்டு. 1037இல் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல்-கானூன்' நூலின் நான்காம் பகுதியில் விஷக்கடிகளைப் பேசும்போது 'ருதைலா' எனப்படும் நச்சுச் சிலந்தியையும் பேசுகிறார். நாம் நரம்புச் சிலந்தி என்ற நோயை அவர் 'இர்க் மதனீ', அதாவது 'மதீனாவின் நாளம்' என்கிறார். 'இர்க்' என்பது நாளம். தமிழ்ப் பெயரிலோ நரம்பு. மஹ்மூது பந்தர் என்று பெயர் பெற்றிருந்த பரங்கிப்பேட்டைத் துறைமுகம் அரபு நாடுகளோடு கொண்டிருந்த உறவை எண்ணும்போது, இவ்விரு பெயர்களின் ஒற்றுமை நம்மை வியக்க வைக்கிறது.

ஐரோப்பாவில் கதை வேறுவிதமாக வளர்ந்தது. தென் இத்தாலியில் தரந்தோ என்னும் நகரின் பெயரால் 'தரந்துலா' எனப்பட்ட சிலந்தி கடித்தால் மனிதர் அமைதி இழந்து துடிப்பர் என்றும், இசைக்கேற்பப் பல நாள் ஆடினால்தான் தெளிவர் என்றும் நம்பினர். 1959இல் எர்னஸ்தோ தெ மார்த்தினோ என்னும் இத்தாலிய ஆய்வாளர் அப்பகுதிக்கு நேரில் சென்று ஆராய்ந்தார். அந்த ஆட்டத்துக்குச் சிலந்தியின் நஞ்சைவிட, வறுமையிலும் அடக்குமுறையிலும் வாழ்ந்த மக்களின், சிறப்பாகப் பெண்களின், மனத்துயரமே காரணம் என்று அவர் விளக்கினார். பெயர் பெற்ற அந்தப் பெரிய சிலந்தியின் கடியோ மனிதருக்குப் பெருந்தீங்கு விளைப்பதன்று.

இந்த நம்பிக்கைகள் உலவிய மண்ணில்தான், ஜெர்மானியரான சாமுவேல் ஹானிமன் (1755–1843) ஹோமியோபதி முறையை வகுத்தார். நலமுள்ளவரிடம் எப்பொருள் எக்குறிகளை உண்டாக்குமோ, அதே குறிகளுள்ள நோயாளிக்கு அப்பொருளே மருந்து என்பது அதன் அடிப்படை. அவ்வழி வந்த கான்ஸ்டன்டைன் ஹெரிங், குராசோ தீவின் சிறு சிலந்தியிலிருந்து 'தெரிடியான்' என்னும் மருந்தை 1830களில் அறிமுகப்படுத்தினார். பின்னர், அமைதியின்றித் துடித்து இசையால் ஆறுதல் பெறுவோருக்கு 'டாரன்டுலா ஹிஸ்பானிகா', ஈரக்காற்றில் மிகும் குளிர்காய்ச்சலுக்கு 'அரேனியா டயடெமா' என மருந்துகள் பெருகின. கியூபா நாட்டுச் சிலந்தியிலிருந்து செய்த 'டாரன்டுலா கியூபன்சிஸ்', எரிச்சலோடு கருநீலமாக வீங்கும் கட்டிக்கும் இராஜபிளவைக்கும் உரியது என்று அவர்தம் நூல்கள் கூறும். கட்டியையே சிலந்தி என்றழைத்த நமக்கு, அக்கட்டிக்குச் சிலந்தியே மருந்து என்ற சொல் இனிமையாக ஒலித்ததில் வியப்பில்லை.

1839இல் லாகூரில் மஹாராஜா ரஞ்சித் சிங்குக்கு ஹோனிக்பெர்கர் என்பவர் சிகிச்சை அளித்ததிலிருந்து இந்தியாவில் ஹோமியோபதியின் வரலாற்றைத் தொடங்குவர். 1840களிலேயே, கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூரில், சாமுவேல் புரூக்கிங் என்னும் ஓய்வுபெற்ற மருத்துவ அதிகாரி இம்முறைக்கு ஒரு மருத்துவமனை நிறுவினார். 1973இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி இம்முறையை ஒழுங்குபடுத்தியது. விலை குறைவு, இனிப்பான உருண்டை, கசப்போ ஊசியோ இல்லை: நம் வீட்டு அலமாரிகளிலும் ஒரு சிறு மருந்துப்பெட்டியும் ஒரு கையேடும் இடம்பிடித்தன.

அம்மருந்து செய்யப்படும் முறையையும் அறிந்துகொள்வது நலம். சிலந்தியை முழுதாக நசுக்கி ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பர். அதில் ஒரு பங்குக்கு 99 பங்கு ஆல்கஹால் சேர்த்துக் குலுக்குவர். அதிலிருந்து ஒரு பங்கெடுத்து மீண்டும் அவ்வாறே செய்வர். '30' என்று எழுதிய குப்பி, இவ்வாறு முப்பது முறை நீர்க்கப்பட்டது. பன்னிரண்டு முறையைக் கடந்ததுமே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு எஞ்சியிருக்கும் வாய்ப்பும் அற்றுப்போகும் என்பது வேதியியல் கணக்கு. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றம் 2015இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சீர்தூக்கி, ஹோமியோபதி பயன்தரும் என்று நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று அறிவித்தது. இதில் ஆல்கஹால் சேர்வது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டறிவதே முறை.

இனி எம் வீட்டுச் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் எம் பெரியத்தாவின் பிடரியில் ஒரு கட்டி எழுந்தது. அவர் நெடுநாள் நீரிழிவு உள்ளவர். சிலந்திதான் என்று வீட்டில் முடிவாயிற்று. கையேட்டைப் புரட்டினோம், குறிகள் வரிக்கு வரி பொருந்தின. சீனி உருண்டைகளை எண்ணிக் கொடுத்த கை எங்களுடையதே. நான்காம் நாள் வீக்கம் தோளுக்கு இறங்கியது. மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது நோய் சற்று மிகும் என்று நூலில் இருந்தது, அதையும் நம்பினோம். ஒன்பதாம் நாள் கட்டி சல்லடைபோல் பல கண் விட்டது. காய்ச்சலில் அவர் எங்கள் பெயரை மாற்றி அழைத்தபோதுதான் அஞ்சி, சிதம்பரத்துக்குக் காரில் கொண்டு சென்றோம். அன்றிரவே அறுவைசிகிச்சை நடந்தது. "நான்கு நாள் முன்னால் வந்திருக்கலாமே" என்று மட்டும் மருத்துவர் சொன்னார். அல்லாஹ்வின் கிருபையால் பெரியத்தா பிழைத்தார். ஆயினும் அந்த வாக்கியம் எங்களை விட்டு அகலவில்லை.

அது சிலந்தியே அன்று. தோலில் புகுந்த கிருமி, சர்க்கரை மிகுந்த உடலில் தடையின்றிப் பரவிய இராஜபிளவை. சிலந்திக்கடி என்று நாம் கருதும் புண்களில் பெரும்பாலானவை இத்தகைய கிருமித்தொற்றுகளே. தமிழகத்தில் பரவலாக உள்ள உண்ணிக்காய்ச்சலிலும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுயிர் கடித்த இடம் சிகரெட் சுட்டதுபோல் கருத்துவிடும். காலத்தே கண்டால் அது எளிய மாத்திரைகளால் தீரும். தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நீரிழிவு உள்ளவருக்குக் கட்டி எழுந்தாலும், கரும்பொருக்கோடு காய்ச்சல் கண்டாலும், அன்றே மருத்துவரிடம் செல்வது கடமை. வெட்டுக்காயத்தில் ஒட்டடையை அப்புவதும் கிருமிக்கு வழி திறப்பதேயாகும்.

நரம்புச் சிலந்தி இன்று எங்கே? இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோயற்ற நாடாக அறிவித்தது. அதை ஒழித்தது எந்த மருந்தும் அன்று. குளத்து நீரிலும் படிக்கிணற்று நீரிலும் வாழும் நுண்ணுயிர் வழியே புழு உடலுக்குள் புகுகிறது என்று அறிந்து, குடிநீரைத் துணியில் வடிகட்டவும், நோயாளி நீர்நிலையில் இறங்காமல் காக்கவும் மக்கள் கற்றதே அதை ஒழித்தது. நூற்றாண்டுகளாகச் சிலந்தி சுமந்த பழி அன்று நீங்கியது.

எந்த நோய்க்கும் மருந்தை இறைவன் இறக்கியுள்ளான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அம்மருந்தைத் தேடும் பொறுப்பு நம்முடையது. பெயர் ஒத்திருப்பதும் குறி ஒத்திருப்பதும் அந்தத் தேடலின் முடிவாகிவிடா. வலுவற்ற வீட்டைப் பற்றிக்கொண்டு ஒன்பது நாள் காத்திருந்த எங்களைப்போல் மற்றொரு குடும்பம் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினோம்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் பயன்தரும் கல்வியையும் நிறைவான உடல்நலத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.