யேலுக்குப் போன ஒன்பது பொதி

தோழர்களே, விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த வெண்ணந்தூர்க்காரர்களுக்குத் துணிப் பொதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1718இல் ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஆகியவை அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்கு நன்கொடையாகப் போயின. பொதிகளில் பெரும்பாலும் துணி. விற்றதில் கிடைத்தது 562 பவுண்டு. கொடுத்தவர் பெயரையே கல்லூரிக்கு வைத்தார்கள்: யேல்.

எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். 1687இல் பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையும் விற்றார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டுமென்று அவர் தலைமையிலான கோட்டைக் கவுன்சில் உத்தரவிட்டது. விற்க நிலமோ நகையோ இருந்தவர் உடலை விற்றிருக்க மாட்டார். நிலமற்றவர் ஊரா சேரியா என்று இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை.

2024 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகம் அடிமைமுறையோடு தனக்கிருந்த உறவுக்கு மன்னிப்புக் கேட்டது. டேவிட் பிளைட் எழுதிய வரலாற்று நூலும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்த மன்னிப்பின் முகம் அமெரிக்க மண்ணைப் பார்த்தே இருக்கிறது. மதராஸ் கடற்கரையில் கப்பலேறியவர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

சரி, நம் வீட்டுக் கணக்கு? கம்பெனி அரசு 1843இல்தான் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரத்தை விலக்கியது. 14 ஆண்டுகள் கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம். அரசின் பெரும் வருமானம் நிலவரி. அந்த நிலங்களின் சேற்றில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாக நின்றவர்கள் பறையர், பள்ளர். அவர்கள் உழைப்பு எந்தக் கட்டிடத்தில், எந்த உதவித்தொகையில் போய்ச் சேர்ந்தது என்று எழுதச் சொல்லி நம் பல்கலைக்கழகங்களை நாம் இன்னும் எத்தனை காலம் கேட்காமல் இருப்பது?