நிரலாக்கம்: அடிப்படைச் சொற்கள்

நிரல் என்பது கணினிக்கு வரிசையாக இடும் கட்டளைகளின் தொகுப்பு. குமுளியை அடுத்த புற்றடியிலும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கும் ஏலக்காய் மின் ஏலம் இதை விளக்க நல்ல எடுத்துக்காட்டு. முன்பு வாயால் கூவிய விலையை இப்போது வியாபாரிகள் கணினியில் பதிகிறார்கள்.

ஒரு குவியலுக்கு அப்போதைய உச்ச விலையை வைத்திருக்கும் இடம் 'மாறி'. விலை ஏற ஏற அதன் மதிப்பும் மாறும். புதிய விலை பழையதைவிட அதிகமா என்று பார்ப்பது 'நிபந்தனை'. இனி யாரும் ஏற்றவில்லை என்னும்வரை அதையே திரும்பச் செய்வது 'சுழற்சி'. எடையை விலையால் பெருக்கும் கணக்கை ஒருமுறை எழுதி, எல்லாக் குவியலுக்கும் அழைத்துக்கொண்டால் அது 'செயற்கூறு'. விற்றவர், வாங்கியவர், தொகை ஆகியவை தங்குமிடம் 'தரவுத்தளம்'.

நிரலில் நேரும் பிழையான 'வழு' பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் ஒளிந்திருக்கும். நிபந்தனையில் 'அதிகம்' என்பதற்குப் பதில் 'அதிகம் அல்லது சமம்' என்று எழுதிவிட்டால், அதே விலையைப் பிந்திக் கேட்டவருக்குச் சரக்கு போய்விடும். நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வராது. ஆகவே சம விலை கொடுத்துச் சோதிப்பது அவசியம். தொடக்கநிலையாளர்கள் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

தமிழிலேயே நிரல் எழுதிப் பழக முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழி உண்டு. அதில் நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை'. திரையில் காட்ட 'பதிப்பி'. எழில் பைத்தானில் எழுதப்பட்டது.