ஜொகூர் நதி யாருடையது?

நதி என்றதும் நம்மவர் காவிரியையும் வைகையையும் நினைந்து பெருமூச்செறிவர். தாம் குடியிருக்கும் ஊரின் அருகே ஓடும் ஆற்றின் சரித்திரத்தையோ ஒரு நாளும் விசாரித்திரார். அக்குறையைச் சிறிது போக்கும் பொருட்டே இன்று ஜொகூர் நதியைப் பற்றி எழுதப் புகுந்தோம்.

இந்நதி கெமுரு மலையில் தோன்றி, சாயோங், லிங்கியூ முதலிய சிற்றாறுகளைச் சேர்த்துக்கொண்டு, கோத்தா திங்கி நகரின் வழியே தெற்கு நோக்கி ஓடி, சிங்கப்பூர்த் தீவின் வடகிழக்கே கடலிற் கலக்கின்றது. நீளம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். காவிரியில் ஏழில் ஒரு பங்கே. கழிமுகத்தின் கண்டற்காடுகள் மீனுக்கும் நண்டுக்கும் தாய்வீடு. ஓராங் செலேத்தார் என்னும் ஆதிக்குடிகள் ஓடத்தையே வீடாகக் கொண்டு அந்நீரிணையில் வாழ்ந்தனர். வாடைப் பருவத்தில் மழைவெள்ளம் மேலிருந்து இறங்கும்; கடலின் ஏற்றநீர் கீழிருந்து எதிர்த்து ஏறும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதை நேயர்கள் மறந்திரார்.

இச்சிறு நதி ஓர் இராச்சியத்தையே தாங்கியது. 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியர் வசமாயிற்று. நாடிழந்த சுல்தானின் மகன் 1528-இல் ஜொகூர் அரசை நிறுவினார். அவ்வரசின் தலைநகரான ஜொகூர் லாமா இவ்வாற்றங்கரையில் எழுந்தது. ஆற்றின் வாயிலைக் காப்பவன் வாணிகத்தைக் காப்பான். பகைவர் வரின் ஆற்றின் மேற்புறம் ஒதுங்கவும் கூடும். 1587-இல் போர்த்துக்கீசியர் அந்நகரை அழித்தபோது அரசகுலத்தார் அவ்வாறே மேலேறிச் சென்று பத்து சாவாரில் தலைநகர் அமைத்தனர்.

1603-இல் ஆற்று முகத்துக்கு அண்மையில் ஒல்லாந்தர் 'சாந்தா காத்தரினா' என்னும் போர்த்துக்கீசியக் கப்பலைக் கைப்பற்றினர். அச்செயலை நியாயப்படுத்த எழுந்த வாதத்திலிருந்தே, கடல் எல்லார்க்கும் பொது என்று கூறும் ஹியூகோ குரோஷியஸின் நூல் பிறந்து 1609-இல் வெளியாயிற்று. கடல் பொதுவாயிற்று, ஆறு பொதுவாயிற்றா?

இல்லை. 1844 முதல் தெமெங்கோங் இப்ராஹிம் ஜொகூரின் ஆறுகளுக்கு 'சூராட் சுங்கை', அஃதாவது ஆற்றுப் பத்திரம், வழங்கத் தொடங்கினார். அதைப் பெற்ற சீனத் தலைவன் 'காங்சூ', ஆற்றின் அதிபதி, எனப்பட்டான். அவன் குடியேற்றம் 'காங்கார்'. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சாட்சி. அங்கே மிளகும், காம்பிர் என்னும் காசுக்கட்டிச் செடியும் பயிராயின. காம்பிர் இலையைக் காய்ச்சக் காடு விறகாயிற்று. காய்ச்சிய சக்கை மிளகுக்கு உரமாயிற்று. மண் சலித்ததும் கூட்டம் வேறிடம் சென்றது. அபினி, சாராயம், சூது ஆகியவற்றை நடத்தும் உரிமையும் காங்சூவுக்கே. கூலியாள் பெற்ற காசு பெற்ற இடத்துக்கே திரும்பியது! தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்த நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இம்முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே இரப்பர் வந்துவிட்டது. இரப்பரோடு தமிழரும் வந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினர். ஆனால் குடியிருந்த லயமும் அவர்களுடையதன்று. கொல்லைப்புறத்து முருங்கையும் அவர்களுடையதன்று. 1950-களில் மலாயாவெங்கும் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் துண்டு துண்டாக்கி விற்றனர். பத்திரம் கைமாறியது, உழைத்தவன் தெருவில் நின்றான். அக்கொடுமை கண்டே, அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களையே வாங்கினர். தமிழ்த் தொழிலாளி தன் சங்கத்தின் பெயரில் பத்திரம் பிடித்த பெருஞ்செயல் அது.

ஆற்று நீரின் கதையும் இதுவே. 1962-இல் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, சிங்கப்பூர் 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி காலன் நீரை இந்நதியிலிருந்து எடுக்கலாம். ஆயிரம் காலனுக்கு 3 காசு விலை. இரு நாட்டு அரசுகள் அவ்விலையைப் பற்றி வாதிடும் போதெல்லாம் அந்தத் தாளையே எடுத்துக் காட்டுகின்றன.

ஆகவே, நதி யாருடையது? பத்திரம் உடையவனுடையது. சரித்திரம் கூறும் விடை இதுவே. இது முழு நியாயம் என்று நாம் சொல்லோம். இதை அறியாதிருப்பது பேதைமை என்போம். தோழர்களே, பிறப்புப் பத்திரம், குடியுரிமைத் தாள், மனைப்பட்டா ஆகியவற்றைக் கண்ணெனக் காப்பீர்! வீட்டிலுள்ள முதியோரிடம், எந்த ஆற்றங்கரையில், எந்தத் தோட்டத்தில் உழைத்தீர் என்று கேட்டு எழுதி வைப்பீர்! காங்சூவின் நினைவை ஊர்ப்பெயர்கள் காக்கின்றன. நம் முன்னோரின் நினைவை நாம் எழுதாவிடில் வேறு எவர் எழுதுவார்?