எச்சுக்குப் பின் நிற்கும் எழுத்து: செக் அகரவரிசையும் கணினியும்

செக் மொழி உரோமன் எழுத்தில் எழுதப்படுவது. அதன் நெடுங்கணக்கில் இன்று 42 எழுத்துகள் உள்ளன என்றாலும், அகராதியில் தனித் தலைப்பும் தனி இடமும் பெறுவன அவற்றுள் 31 மட்டுமே. எஞ்சிய 11 எழுத்துகள், நெடிலைக் காட்டும் கோடோ வளையமோ கொக்கியோ தலையில் இருந்தும், தத்தம் தாய் எழுத்தின் வரிசையிலேயே கலந்து நிற்கின்றன. ஆனால் சி, ஆர், எஸ், இசட் ஆகிய நான்கும் கொக்கி பெறும்போது தனி எழுத்துகளாகித் தாய் எழுத்துக்கு அடுத்த இடத்தைப் பிடிக்கின்றன. சியும் எச்சும் சேர்ந்த கூட்டெழுத்தோ ஒரே எழுத்தாக எண்ணப்பட்டு, சிக்குக் கீழ் வராமல் எச்சுக்குப் பின் வருகிறது. ஒரே கொக்கி ஓரிடத்தில் புது எழுத்தை உண்டாக்குவதும் வேறோரிடத்தில் வெறும் குறியாக நிற்பதுமான இந்த வழக்கு, மனிதருக்குப் பள்ளிப் பருவத்திலேயே படிந்துவிடுகிறது. கணினிக்குப் படியப் பல ஆண்டுகள் ஆயின.

குறிகளின் வரலாறு 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குச் செல்கிறது. இலத்தீனில் இல்லாத செக் ஒலிகளை அதுவரை இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதிவந்தனர். 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் எரித்துக் கொல்லப்பட்ட சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எழுதியதாகக் கருதப்படும் இலத்தீன் எழுத்திலக்கண நூல், ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து போதும் என்றும், மெய்யின் மேல் புள்ளியும் நெட்டுயிரின் மேல் கோடும் இடலாம் என்றும் வகுத்தது. அந்தப் புள்ளியே காலப்போக்கில் கொக்கியாயிற்று. சீர்திருத்தத்துக்குத் தப்பிய பழைய கூட்டெழுத்துதான் சி-எச்.

வரிசையை நிலைநாட்டியவை அகராதிகளும் கலைக்களஞ்சியங்களுமே. 1888 முதல் 1909 வரை 28 தொகுதிகளாக வெளிவந்த ஓட்டோவின் கலைக்களஞ்சியத்தில், பதினோராம் தொகுதி எச் எழுத்தின் கடைசிச் சொல்லோடு முடிகிறது. அச்சொல்லுக்குப் 'பிட்டம்' என்று பொருள் என்பதால், அது தொகுதியின் தலைப்பில் ஏறிவிட்டதைப் பதிப்பாளரின் குறும்பு என்று கொள்ள வேண்டாம், அகரவரிசையின் கட்டாயம் அது. பன்னிரண்டாம் தொகுதி சி-எச் எழுத்தில் தொடங்கிப் 'புனித யான்' என்ற தலைப்பில் முடிகிறது. அங்கே 'புனித' என்னும் அடை வரிசையில் கணக்கிடப்படவே இல்லை. யான் என்னும் பெயரே இடத்தைத் தீர்மானித்தது. வரிசைப்படுத்துதல் எழுத்தைப் பார்ப்பதோடு முடியாமல் எதைப் பார்க்காமல் விடுவது என்பதையும் உள்ளடக்கியது என்பதற்கு இந்த ஒரு நூலே சான்றாகும்.

கணினி எழுத்தை அறியாது. எழுத்துக்கு இட்ட எண்ணையே, அதாவது குறியெண்ணையே அறியும். ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள் அகரவரிசைப்படியே அமைந்ததால், எண்ணை ஒப்பிட்டாலே ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் சரியாக வரிசைப்பட்டுவிடும். செக் எழுத்துகளோ எஞ்சிய இடங்களில் பின்னால் திணிக்கப்பட்டவை. 1980களின் நடுவில் கமெனிட்ஸ்கி சகோதரர்கள் வகுத்த குறிமுறையில் கொக்கி சியின் எண் 135. அது பிரெஞ்சுக்காரரின் வால் முளைத்த சியின் இடம் ஆகையால், செக் எழுத்துரு இல்லாத கணினியிலும் ஏறக்குறைய ஒத்த வடிவமாவது திரையில் தெரிந்தது. ஐபிஎம்மின் 852ஆம் குறிமுறையில் அதே எழுத்தின் எண் 159. ஐஎஸ்ஓ 8859-2 தரநிலையில் 232. இசட்டின் எண் 122 ஆகையால் மூன்றிலுமே தேநீரைக் குறிக்கும் 'சாய்' என்ற செக் சொல், பல்லைக் குறிக்கும் 'ஸூப்' என்ற சொல்லுக்கும் பின்னால் போய் விழுந்தது.

எழுத்துக்கு ஒரு புது எண் கொடுத்து அட்டவணை இட்டாலும் சிக்கல் தீராது. 'பிட்' என்பது குடியிருப்பு. அதன் உயிரெழுத்தின் மேல் கோடிட்டால் 'பீட்', அதாவது 'இரு' என்னும் வினை. 'பிட்டொஸ்ட்' என்பது உயிரி. கோடிட்ட எழுத்தைத் தனி எழுத்தாகக் கொண்டால் வினைச்சொல் உயிரிக்குப் பின்னே போய்விடும். கோட்டை அடியோடு புறக்கணித்தால் முதலிரண்டு சொற்களில் எது முன், எது பின் என்பது தெரியாது. சரியான வரிசையில் பிட், பீட், பிட்டொஸ்ட் என்றே வரும். ஆகவே முதற்சுற்றில் குறிகளை நீக்கி முழுச்சொல்லையும் ஒப்பிட்டு, சமமாயின் இரண்டாம் சுற்றில் குறிகளையும், பின்னும் சமமாயின் மூன்றாம் சுற்றில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும், இறுதியில் எழுத்தல்லாத குறியீடுகளையும் நோக்க வேண்டியதாயிற்று. 1989இல் தரப்படுத்தப்பட்ட சி நிரல்மொழி, இரு சொற்களை வட்டார மரபுப்படி ஒப்பிடும் செயற்கூறு ஒன்றையும், சொல்லை ஒருமுறை மாற்றி வைத்துக்கொண்டால் பின்னர் எண்களாகவே ஒப்பிடலாம் என்னும் வகையில் வரிசைத்திறவு ஆக்கித் தரும் செயற்கூறு ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்காகப் பிர்னோ நகரின் மசாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவர் 1997–98இல் எழுதிய செக் நிரல், மேற்சொன்ன நான்கு சுற்றுகளை நான்கு அட்டவணைகளாகவே கொண்டிருந்தது.

இதே கூட்டெழுத்தைத் தனி எழுத்தாகப் போற்றிவந்த ஸ்பானியர், 1994இல் தம் மொழிக் கழகங்களின் கூட்டமைப்பு எடுத்த முடிவின்படி அதனை சியின் கீழ்க் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டனர். செக் மக்கள் அவ்வழி செல்லவில்லை. நிரல் எழுதுவோருக்கு அது கூடுதல் சுமை எனினும், பழைய அகராதிகளையும் நூலக அட்டைகளையும் புதிய கணினிப் பட்டியல்களோடு முரணின்றி வைத்திருந்தது அந்தப் பிடிவாதமே.

ஒருங்குறி வந்தபின் கொக்கி சிக்கு 269 என்ற ஒரே எண் உலகெங்கும் நிலைபெற்றது. எனினும் வரிசை எண்ணிலிருந்து பிறப்பதில்லை என்பது அதற்குள் தெளிவாகியிருந்தமையால், பல படிநிலை ஒப்பீடு பொது விதியாகவே வகுக்கப்பட்டது. அந்தப் பொது அட்டவணையில் செக் மொழிக்கென மாற்ற வேண்டியிருந்தவை ஐந்தே எழுத்துகள்: கொக்கி பெற்ற அந்த நான்கும், சி-எச்சும். இன்றும் செக் வரிசைமுறை அமைந்த சில தரவுத்தளங்களில் சியில் தொடங்கும் சொற்களைக் கேட்டால், ரொட்டியைக் குறிக்கும் 'ஹ்லெப்' என்ற சொல், எழுத்துக்கூட்டினால் சியில்தான் தொடங்கும் என்றாலும், விடையில் வராது. புதிதாக வரும் நிரலாளர் இதனைப் பிழை என்று புகார் செய்வதுண்டு. ஓட்டோவின் பன்னிரண்டாம் தொகுதியின் கணக்குப்படி அது பிழையன்று.